கோலம் போடும் கைக்குக் கணக்கு வராதா?

மாலை 7 மணி. ஆறாம் வகுப்புப் படிக்கும் மகள் நோட்டுப் புத்தகத்துடன் அடுப்படிக்கு வருகிறாள்.

"அம்மா! 48-க்கும் 36-க்கும் மீப்பெரு பொதுக் காரணி என்ன?"

தாயின் கையில் இருந்த கரண்டி அப்படியே நிற்கிறது. முகம் சுருங்குகிறது.

"எனக்கு என்னடி தெரியும்? கணக்கு எனக்கு எப்போதுமே வராது. அப்பா வரட்டும். கேட்டுக்கொள்."

இது ஒரு வீட்டுப் பேச்சு அல்ல. ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு நடக்கும் பேச்சு.

மறுநாள் விடியற்காலை. அதே தாய் வாசல் தெளிக்கிறாள். கோலமாவுக் கிண்ணத்தை எடுக்கிறாள். 3 வரிசை, வரிசைக்கு 4 புள்ளி. புள்ளிகளைச் சுற்றி வளைத்து இழை இழுக்கிறாள். எடுத்த கை ஓயவில்லை. தொடங்கிய இடத்திலேயே இழை வந்து சேருகிறது. ஒரே இழை, சிக்குக் கோலம் முடிந்தது!

அதே தாய் வரிசைக்கு 3 புள்ளியாக 3 வரிசை வைத்தால் என்ன ஆகும்? ஒரே இழையில் முடியாது. மூன்று இழை வேண்டும். இது அவளுக்கு அனுபவத்தில் தெரியும்.

ஏன் அப்படி? கேட்டால், "அது அப்படித்தான்" என்பாள்.

காரணம் இருக்கிறது. முதல் நாள் மாலை மகள் கேட்ட அதே பொதுக் காரணிதான் அது!

பொதுக் காரணி என்றால் என்ன?

பெயர்தான் பெரிது. விஷயம் சிறிது.

ஓர் எண்ணை மீதி இல்லாமல் வகுக்கும் எண்ணுக்குக் காரணி என்று பெயர். 6-ஐ 1, 2, 3, 6 ஆகிய எண்கள் மீதி இல்லாமல் வகுக்கும். அவை 6-இன் காரணிகள்.

இரண்டு எண்களை எடுத்துக்கொண்டால், இரண்டையும் மீதி இல்லாமல் வகுக்கும் எண் பொதுக் காரணி. அவற்றுள் மிகப் பெரியது மீப்பெரு பொதுக் காரணி.

தீபாவளிக்கு ஒரு வீட்டில் 48 முறுக்கும் 36 அதிரசமும் சுட்டிருக்கிறார்கள். அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் பொட்டலம் கட்ட வேண்டும். எல்லாப் பொட்டலமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மனத்தாங்கல் வரும்! ஒன்றும் மிஞ்சவும் கூடாது.

எத்தனை பொட்டலம் கட்டலாம்?

48-இன் காரணிகள் 1, 2, 3, 4, 6, 8, 12, 16, 24, 48.

36-இன் காரணிகள் 1, 2, 3, 4, 6, 9, 12, 18, 36.

இரண்டிலும் இருப்பவை 1, 2, 3, 4, 6, 12. இவைதான் பொதுக் காரணிகள். 6 பொட்டலம் கட்டினால் ஒவ்வொன்றிலும் 8 முறுக்கு, 6 அதிரசம். 12 பொட்டலம் கட்டினால் ஒவ்வொன்றிலும் 4 முறுக்கு, 3 அதிரசம். அதற்கு மேல் கட்ட முடியாது. எனவே, மீப்பெரு பொதுக் காரணி 12.

இந்தக் கணக்கைத் தாய்மார்கள் பேர் தெரியாமலே போடுகிறார்கள். பந்தியில் வடை போடும்போதும் போடுகிறார்கள். பிள்ளைகளுக்குப் பலகாரம் பிரிக்கும்போதும் போடுகிறார்கள். ஆனால், அதற்குக் கணக்கு என்று பெயர் வைத்து நோட்டில் எழுதிவிட்டால், "எனக்கு வராது" என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள்!

கோலத்தில் ஒளிந்திருக்கும் எண்

கோலத்துக்கு வருவோம்.

புள்ளிகளை நேர் நேராக, நீள்சதுரமாக வைக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே எல்லாம் இழைகள் குறுக்கே வெட்டிச் செல்ல வேண்டும். ஓரத்துக்கு வந்தால் மட்டும் வளைந்து திரும்ப வேண்டும். இப்படிப் போட்டால், கோலத்துக்கு எத்தனை இழை வேண்டும்?

வரிசைகளின் எண்ணிக்கைக்கும், ஒரு வரிசையில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கைக்கும் மீப்பெரு பொதுக் காரணி எதுவோ, அத்தனை இழை!

3-க்கும் 4-க்கும் பொதுக் காரணி 1 மட்டுமே. ஆகவே ஒரே இழை. 3-க்கும் 3-க்கும் 3. ஆகவே மூன்று இழை. 4 வரிசை, வரிசைக்கு 6 புள்ளி என்றால் இரண்டு இழை. 5 வரிசை, வரிசைக்கு 7 புள்ளி என்றால் மறுபடியும் ஒரே இழை.

சந்தேகம் இருந்தால் நாளைக் காலையே வாசலில் போட்டுப் பார்க்கலாம். மாவு செலவு காலணாகூட ஆகாது!

இது தமிழ்நாட்டு வாசலில் மட்டும் உள்ள அதிசயம் அல்ல. ஆப்பிரிக்காவில் அங்கோலா நாட்டுப் பக்கம் சோக்வே என்ற மக்கள் இருக்கிறார்கள். அவர்களும் மணலில் புள்ளி வைத்து, விரலால் இழை இழுத்துக் கதை சொல்லும் வழக்கம் உடையவர்கள். மொசாம்பிக் நாட்டில் பேராசிரியராக இருந்த பாலஸ் கெர்டஸ் (1952–2014) என்ற கணித அறிஞர் அந்தச் சித்திரங்களை ஆராய்ந்தார். இந்தப் பொதுக் காரணி விதியை விளக்கி எழுதினார். தமிழர் கோலத்தைப் பற்றியும் எழுதினார்.

சென்னைக்கு அருகே தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோரும், கமலா கிரிதிவாசனும் சேர்ந்து, 1974-ஆம் ஆண்டிலேயே கோலத்தைப் பற்றி ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார்கள். கம்ப்யூட்டர் சித்திரம் வரைவதற்கான இலக்கணத்தை அவர்கள் கோலத்தில் கண்டார்கள்.

வாசலில் மிதிபட்டு அழியும் கோலத்தை மேதைகள் குனிந்து பார்க்கிறார்கள். போட்ட கையோ, "எனக்குக் கணக்கு வராது" என்கிறது!

கழித்தால் போதும்!

சரி, 48, 36 என்றால் காரணிகளை எழுதிப் பார்த்துவிடலாம். 2,021-க்கும் 1,763-க்கும் பொதுக் காரணி கேட்டால்?

மகள் என்ன செய்வாள்? 2-ஆல் வகுப்பாள், போகாது. 3-ஆல் வகுப்பாள், போகாது. 5, 7, 11, 13 எல்லாம் வகுத்துப் பார்ப்பாள், போகாது. நோட்டில் இரண்டு பக்கம் தீர்ந்துவிடும். கடைசியில், "பொதுக் காரணி 1" என்று எழுதிவிட்டுத் தூங்கப் போவாள். அது தப்பு!

இதற்கு ஒரு சுலபமான உபாயம் உண்டு. பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழிக்க வேண்டும். மீதியை வைத்துக்கொண்டு மறுபடியும் கழிக்க வேண்டும். அவ்வளவுதான்.

2,021-இலிருந்து 1,763-ஐக் கழித்தால் 258.

1,763-இலிருந்து 258-ஐ 6 தடவை கழிக்கலாம். 1,548 போக மீதி 215.

258-இலிருந்து 215-ஐக் கழித்தால் 43.

215-இலிருந்து 43-ஐ 5 தடவை கழித்தால் மீதி ஒன்றும் இல்லை.

கடைசியாக நின்ற 43-தான் விடை! 1,763 என்பது 41 தடவை 43. 2,021 என்பது 47 தடவை 43. பெருக்கிப் பார்க்கலாம்.

இது என்ன மாயம்? மாயம் எதுவும் இல்லை. ஒருவரிடம் 4 டஜன் வாழைப்பழம் இருக்கிறது. இன்னொருவரிடம் 3 டஜன் இருக்கிறது. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவதும் முழு டஜன்தான், அரைகுறை வராது. அதுபோல, இரண்டு எண்களையும் மீதி இல்லாமல் வகுக்கும் எண், அவற்றின் வித்தியாசத்தையும் மீதி இல்லாமல் வகுக்கும். ஆகவே, எத்தனை தடவை கழித்தாலும் பொதுக் காரணி தப்பி ஓடாது. எண்கள்தான் சிறுத்துக்கொண்டே வரும். கடைசியில் அது அகப்பட்டே தீரும்.

மற்றப் பொதுக் காரணிகள்? அவையும் இதற்குள்ளேயே அடக்கம். மீப்பெரு பொதுக் காரணியின் காரணிகள் எவையோ, அவையே எல்லாப் பொதுக் காரணிகளும். 12 கிடைத்துவிட்டால் 1, 2, 3, 4, 6 ஆகியவை தாமாகவே வந்துவிடும்.

கொத்தனாரும் கயிறும்

இந்த வழிக்கு எழுத்துக்கூட வேண்டியதில்லை. கயிறு போதும்!

ஒரு கூடம் 420 சென்டிமீட்டர் நீளம். 330 சென்டிமீட்டர் அகலம். கல்லை உடைக்காமல் சதுரக் கற்கள் பதிக்க வேண்டும். எவ்வளவு பெரிய கல் வாங்கலாம்?

நீளத்துக்கு ஒரு கயிறு; அகலத்துக்கு ஒரு கயிறு. நீளக் கயிற்றில் அகலக் கயிற்றின் அளவை வெட்டினால் மிஞ்சுவது 90. அகலக் கயிற்றில் 90-ஐ மூன்று முறை வெட்டினால் மிஞ்சுவது 60. 90-இல் 60-ஐ வெட்டினால் 30. 60-இல் 30 இரண்டு முறை சரியாகப் போகிறது.

30 சென்டிமீட்டர் கல் வாங்கினால் போதும். நீளத்தில் 14, அகலத்தில் 11. மொத்தம் 154 கல். ஒன்றும் உடைபடாது, காசும் வீணாகாது.

2,300 ஆண்டு பழைய வழி

இந்த உபாயம் இன்று நேற்று வந்தது அல்ல. கி.மு. 300 வாக்கில் அலெக்சாண்டிரியா நகரில் யூக்ளிட் என்ற கிரேக்க மேதை இருந்தார். அவர் எழுதிய கணித நூலின் ஏழாம் பாகத்தில் இந்த வழி இருக்கிறது.

நம் நாட்டு ஆரியபட்டர் கி.பி. 499-இல் எழுதிய நூலிலும் இதே போன்ற வழி இருக்கிறது. அதற்குப் பிற்காலத்தில் "குட்டகம்" என்று பெயர் வந்தது. இடித்துப் பொடியாக்குவது என்று அர்த்தம். பெரிய எண்ணை இடித்து இடித்துச் சிறிதாக்குவதால் அந்தப் பெயர். உரலும் உலக்கையும் தெரிந்தவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது!

எவ்வளவு சீக்கிரம் முடியும் என்பதற்கும் கணக்கு உண்டு. 1844-இல் பிரெஞ்சுக்காரர் லாமே அதை நிரூபித்தார். சிறிய எண்ணில் எத்தனை இலக்கம் உண்டோ, அதைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் வகுத்தல் தேவைப்படாது. 4 இலக்க எண் என்றால் அதிகம் போனால் 20 வகுத்தல். மேலே சொன்ன கணக்கு நான்கிலேயே முடிந்துவிட்டது.

அணாவும் அறுபதும்

பொதுக் காரணி தெரிந்தால் பழைய வழக்கங்களின் நயமும் புரியும்.

முன்பு ஒரு ரூபாய்க்கு 16 அணா. ஓர் அணாவுக்கு 12 தம்பிடி. ஆக, ரூபாய்க்கு 192 தம்பிடி. ஒரு ரூபாயை மூன்று பேர் பங்கு போட்டால் ஆளுக்கு 5 அணா 4 தம்பிடி, மிச்சம் இல்லை. 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி ரூபாய்க்கு 100 நயா பைசா வந்தது. 100-க்கும் 3-க்கும் 1-ஐத் தவிரப் பொதுக் காரணி கிடையாது. மூன்று பேர் பங்கு போட்டால் ஒரு பைசா இடிக்கும்! அதற்குப் பதிலாக, ஐந்து பேர் பங்கு சுலபமாயிற்று. 192-ஐ ஐந்தால் வகுக்க முடியாது, 100-ஐ முடியும். ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கினார்கள்.

அறுபதாம் கல்யாணத்தைப் பாருங்கள். வியாழன் சூரியனைச் சுற்றிவர ஏறக்குறைய 12 ஆண்டு ஆகிறது. சனிக்கு ஏறக்குறைய 30 ஆண்டு. இரண்டும் சேர்ந்து பழைய இடத்துக்குத் திரும்ப எத்தனை ஆண்டு? 12-ஐ 30-ஆல் பெருக்கினால் 360. அதைப் பொதுக் காரணி 6-ஆல் வகுத்தால் 60. பிரபவ முதல் அட்சய வரை உள்ள ஆண்டுகளும் 60!

பூட்டு உடைந்த கதை

"இதெல்லாம் பழங்கதை. இப்போதுதான் செல்போன் இருக்கிறதே! தட்டினால் விடை வருகிறது. பிள்ளைகள் ஏன் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்?" என்று சிலர் கேட்கலாம்.

அந்தச் செல்போனுக்கு உள்ளேயே இந்தக் கணக்கு இருக்கிறது!

வலைத்தளத்தில் பணம் அனுப்பும்போதும், இரகசியச் செய்தி அனுப்பும்போதும் எண்களால் ஆன பூட்டு ஒன்று போடப்படுகிறது. 1977-இல் ரிவஸ்ட், ஷமீர், ஆடில்மன் என்ற மூன்று அறிஞர்கள் அப்படி ஒரு பூட்டைக் கண்டுபிடித்தார்கள். 1-ஐயும் தன்னையும் தவிர வேறு காரணி இல்லாத எண்ணுக்குப் பகா எண் என்று பெயர். அப்படிப்பட்ட மிகப் பெரிய பகா எண்கள் இரண்டைப் பெருக்க வேண்டும். பெருக்கி வந்த எண்தான் பூட்டு. அதை ஊருக்கெல்லாம் காட்டலாம். அந்த இரண்டு பகா எண்களைக் கண்டுபிடித்தவன் பூட்டைத் திறந்துவிடுவான்.

கண்டுபிடிப்பது இலேசா? அந்த ஆண்டில் சவாலாக விடப்பட்ட 129 இலக்க எண் ஒன்றை உடைக்க 17 ஆண்டு ஆயிற்று. 1994-இல், உலகெங்கும் இருந்து சுமார் 600 பேர் தங்கள் கம்ப்யூட்டர்களைக் கொடுத்து உதவிய பிறகுதான் அது உடைந்தது.

ஆனால், 2012-இல் ஒரு வேடிக்கை நடந்தது. ஆராய்ச்சியாளர்கள் இலட்சக்கணக்கான பூட்டு எண்களைத் திரட்டினார்கள். தனித்தனியாக உடைக்க முயலவில்லை. ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பொதுக் காரணி இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள். ஒரு குழுவினர் திரட்டியதில் ஆயிரத்துக்கு இரண்டு பூட்டுகள் பாதுகாப்பு இல்லாதவை என்று தெரிந்தது!

காரணம் என்ன? சில கருவிகள் மின்சாரம் கொடுத்த உடனேயே, சீட்டைச் சரியாகக் குலுக்காமல், பகா எண்ணைத் தேர்ந்தெடுத்துவிட்டன. அதனால் இரண்டு கருவிகளுக்கு ஒரே எண் விழுந்தது. 2,021, 1,763 ஆகிய இரண்டையும் தனித்தனியே உடைப்பது சிரமம். இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் 43 தானாகவே விழுந்துவிடுகிறது அல்லவா? அதே கதைதான்!

2,300 ஆண்டு பழைய கழித்தல் கணக்கு, இன்றைய பூட்டின் ஓட்டையைக் காட்டிக் கொடுத்தது. இதைச் செல்போன் தானாகச் சொல்லவில்லை. பொதுக் காரணி என்றால் என்ன என்று புரிந்த மனிதர்கள் கேட்டார்கள், அது சொன்னது. கேட்கத் தெரியாதவனுக்குக் கருவி என்ன செய்யும்?

என்ன செய்ய வேண்டும்?

பல பள்ளிகளில் முதலில் சொல்லித் தருவது, எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரித்து எழுதும் வழி. சிறிய எண்களுக்கு அது நல்ல வழிதான். எண்ணின் உள்ளே என்ன இருக்கிறது என்று அது காட்டும். அதைக் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆனால், அதை மட்டும் பரீட்சைக்காக உருப்போட்ட பிள்ளை, எண் கொஞ்சம் பெரிதானால் திகைத்து நின்றுவிடுகிறது. கழிக்கும் வழி, மேல் வகுப்புக்குப் போன பிறகு, பெரிய பெயருடன் வந்து பயமுறுத்துகிறது. கழித்தல் தெரிந்த பத்து வயதுப் பிள்ளைக்கே அதைச் சொல்லித் தரலாம். கயிற்றையும் கோலத்தையும் காட்டிச் சொல்லித் தரலாம். அதற்குத் தனிச் செலவு எதுவும் இல்லை.

ஆசிரியர்கள் ஒரு காரியம் செய்யலாம். "நாளை உன் தாயாரிடம் கேட்டு, எத்தனை புள்ளிக்கு எத்தனை இழை என்று எழுதி வா" என்று ஒருநாள் வீட்டுப்பாடம் கொடுக்கலாம். அன்று பிள்ளைக்கு வாத்தியார், தாயார்தான்! பையன்களும் கோலமாவைத் தொடட்டும், கை கறுத்துவிடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, "எனக்குக் கணக்கு வராது" என்ற பேச்சை வீடுகளில் நிறுத்த வேண்டும். கணக்கைக் கற்பதற்கு முன்னால் மகள் அந்த ஒரு வாக்கியத்தைத் தாயிடம் கற்றுக்கொள்கிறாள். அடுத்த ஆண்டு பின்னக் கணக்கு வருகிறது. பொதுக் காரணி புரியாவிட்டால் பின்னத்தைச் சுருக்க முடியாது. பின்னம் வராவிட்டால் விகிதம் வராது, வட்டி வராது. பிறகு கடையில் ஏமாறுகிறாள். கடன் பத்திரத்தில் ஏமாறுகிறாள். பெரிய படிப்பு வாசலில் வந்து நிற்கும்போது, "கணக்கு வேண்டாம்" என்று ஒதுங்குகிறாள். ஒரு வாக்கியம் ஒரு வாழ்க்கையையே சுருக்கிவிடுகிறது.

எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருக்கும் தாயும் இதற்குத் துணை நிற்க முடியும். கழிக்கத் தெரிந்தால் போதும். தெரியாவிட்டால், முறுக்கையும் அதிரசத்தையும் எடுத்து வைத்துப் பிரித்துக் காட்டினால் போதும்.

இனிமேல் மகள் நோட்டுப் புத்தகத்துடன் அடுப்படிக்கு வந்தால், கரண்டி நிற்க வேண்டாம். முகம் சுருங்க வேண்டாம்.

"பெரியதிலிருந்து சின்னதைக் கழித்துப் பாரடி!" என்று தாய் சொல்லட்டும்.

48-இலிருந்து 36 போனால் 12. 36-இல் 12 மூன்று தடவை சரியாகப் போகிறது. விடை 12!

அடுப்பில் குழம்பு கொதிப்பதற்குள் கணக்கு முடிந்துவிடும்.